பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள்

கேள்வி:

எனக்கு 39 வயது. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. மகனுக்கு 9, நாலாம் வகுப்பு. அவர் துபாயில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். போன வருஷம் இருவரும் சம்மதித்து விவாகரத்து வாங்கினோம். பிள்ளைகள் என்னிடம். அழகியமண்டபம் பக்கம் என் அம்மா அப்பா வீட்டில் இருக்கிறோம். 'தந்தை நியாயமான நேரங்களில் பிள்ளைகளைச் சந்திக்கலாம்' என்று மட்டும்தான் தீர்ப்பில் இருக்கிறது.

அதோடு எல்லாம் தீரும் என்று நினைத்தேன். மகளுக்கு அவர் வாங்கிக் கொடுத்த போன் வழியாக அவள் எங்கே போகிறாள் என்று துபாயில் இருந்தே பார்க்கிறார். "டியூஷன் போகலியா, அம்மா எங்க?" என்று அவளுக்கு மெசேஜ் வரும். அவள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புவாள். நான் சொல்வது அவருக்குப் போகும். இப்போது அவள் இரண்டு பேரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அவர் வாட்ஸ்அப்பில் கூப்பிடாமல் வேண்டுமென்றே வேறு ஏதோ ஆப்பில் கூப்பிடுகிறார், அவள் அதை அழித்துவிட்டாள். மகன் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு ஓடுகிறான். கருங்கலில் மாமியார் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போன பிள்ளைகள் இப்போது போவதில்லை. "எனக்க பேரப்பிள்ளையள ஸ்டேட்டஸ்லதான் பாக்கேன்" என்று ஊரெல்லாம் சொல்லி அழுகிறாராம். மார்த்தாண்டத்தில் இருக்கும், பிள்ளைகளின் அப்பாவுடைய அக்கா மட்டும் இன்றும் என்னிடம் மரியாதையாகப் பேசுவார். என் தம்பி "எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணி வை" என்கிறான். என் சிம் இன்னும் பிள்ளைகளின் அப்பா பெயரில் இருக்கிறது. வரும் மே மாதம் மகனுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறை நற்கருணை அப்பம் வாங்கும் நாள். அவர்கள் வீட்டாரை அழைக்க வேண்டுமா? ஒரேயடியாக எல்லாத் தொடர்பையும் வெட்டிவிட்டால் என்ன?

பதில்:

அன்புச் சகோதரி,

வெட்ட வேண்டாம். கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், அந்த முடிவை எடுத்துவிட்டால் கீழே எழுதப்போகிற எதையும் செய்ய முடியாது. நீங்கள் இனி அவருக்கு மனைவி இல்லை என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. மகள் அவருக்கு மகள் இல்லை என்றோ, கருங்கல் பாட்டி இனிமேல் பாட்டி இல்லை என்றோ எந்த நீதிமன்றமும் எழுதாது. அந்த உறவுகள் இனி எந்த வழியாக நடக்க வேண்டும் என்று யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை. அதனால் எல்லாம் உங்கள் மகளின் போன் வழியாக நடக்கிறது. 13 வயதுப் பிள்ளை இரண்டு வீட்டுக்கும் தூது போகிறாள். முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

முன்பு நம் பக்கத்தில் ஒரு குடும்பம் பிரிந்தால் பேச்சு நேராகப் போகாது. தாய்மாமன், உபதேசியார், பங்குப்பேரவைக்காரர், இரண்டு வீட்டிலும் சாயா குடிக்கிற ஒரு பெரியவர் என்று யாராவது நடுவில் இருப்பார்கள். இங்கே கேட்ட ஏச்சில் பாதியை வழியிலேயே விழுங்கிவிட்டு, "ஞாயித்துக்கிழமை பிள்ளையளக் கொண்டு விடச் சொன்னாவ" என்று மட்டும் அங்கே போய்ச் சொல்வார்கள். அந்த முறையில் அநியாயமும் நிறைய இருந்தது. அடிபட்டு வந்த பெண்ணை வாயடைத்துத் திருப்பி அனுப்பியதும் இதே பெரியவர்கள்தான். இன்று சொந்தச் சம்பளத்தில் நிற்கிறீர்கள், யாருடைய பஞ்சாயத்துக்கும் தலையாட்ட வேண்டிய அவசியம் இல்லை. படிப்பும் வேலையும் போனும்தான் குடும்பத்தைக் கெடுத்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நடுவில் நின்ற ஆள் போன இடம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் இப்போது போன் இருக்கிறது, போனுக்கு எதையும் விழுங்கத் தெரியாது. ராத்திரி 11.40-க்குக் கோபத்தில் அடித்த வரி காலைவரை அப்படியே கிடக்கும், நாலு பேருக்குப் படமாகவும் போகும்.

மகளிடம் இந்த வாரமே பேசுங்கள். எதிரில் உட்கார வைத்துப் பேச வேண்டாம், அது விசாரணை போல் ஆகிவிடும். ஸ்கூட்டரில் போகும்போதோ, தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போதோ, முகம் பார்க்காத நேரத்தில் சொல்லுங்கள்: "அப்பா எனக்குச் சொல்ல வேண்டியத எனக்கே அனுப்புவாங்க. நான் அப்பாகிட்டச் சொல்ல வேண்டியத நானே சொல்லிக்கிடுவேன். ஒனக்கு வர்ற மெசேஜ எனக்குக் காட்ட வேண்டாம் மக்கா. பயப்படுற மாதிரி ஏதாவது வந்தா மட்டும் காட்டு." இவ்வளவு போதும், விளக்கம் வேண்டாம்.

அவள் நம்பமாட்டாள். சோதித்துப் பார்ப்பாள். நாலைந்து நாளில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடு வந்து நிற்பாள், அதில் உங்களைப் பற்றி ஏதாவது இருக்கும். பெரும்பாலான பெற்றோர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: "சரி, இந்த ஒரு தடவ காட்டு." படித்துவிட்டால் பழைய தொழில் மறுபடி தொடங்கிவிடும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அது ஒனக்க சோலி இல்ல மக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தபிறகு கொண்டுவருவது நின்றுவிடும்.

தூதை நிறுத்தினால் மாற்று வழி வேண்டும். இருவருக்கும் இடையே பிள்ளைகள் விஷயத்துக்கு மட்டும் மின்னஞ்சல் வையுங்கள், வாட்ஸ்அப் வேண்டாம். மின்னஞ்சலில் நீல டிக் இல்லை, 'கடைசியாக வந்த நேரம்' இல்லை, வாய்ஸ் நோட்டில் ஏறுகிற குரலும் இல்லை. ஆறு மாதம் கழித்து 'சொன்னேன், சொல்லவில்லை' என்று தகராறு வந்தால் தேடி எடுக்கவும் முடியும். ஒரு மடலில் ஒரு விஷயம், நாலு வரிக்கு மேல் போகக் கூடாது. என்ன, எப்போது, அவர் என்ன முடிவு சொல்ல வேண்டும், எந்தத் தேதிக்குள், இவ்வளவுதான். பதிலுக்கு இரண்டு நாள் அவகாசம். ஆஸ்பத்திரி, விபத்து என்றால் மட்டும் நேரடி அழைப்பு. இப்படி இருக்கலாம்:

"பொருள்: மகன், கண் பரிசோதனை. போர்டில் எழுதுவது தெரியவில்லை என்று வகுப்பாசிரியை சொன்னார். 14-ஆம் தேதி சனிக்கிழமை டாக்டரிடம் காட்டுகிறேன். கண்ணாடி போடச் சொன்னால் பாதிச் செலவு உங்கள் பங்கு. சம்மதமா என்று 12-ஆம் தேதிக்குள் சொல்லவும்."

'நீங்கள் எப்போதாவது கவனித்தீர்களா' என்ற வரி இதில் இல்லை. எழுதும்போது அது தானாக விரலில் வரும், நைட் டியூட்டி முடிந்த அலுப்பில் இன்னும் வேகமாக வரும். அதனால் இரவில் எழுதிய மடலை இரவில் அனுப்பாதீர்கள். ஜிமெயிலில் மறுநாள் காலைக்கு நேரம் குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. காலையில் ஒருமுறை வாசித்துவிட்டுப் போகவிடுங்கள். அவர் பக்கமிருந்து ஏச்சு வந்தால், ஏச்சுக்குப் பதில் எழுதாமல் அதில் பிள்ளைகளைப் பற்றி ஏதாவது கேட்டிருந்தால் அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

இதோடு கூகுள் காலண்டர் ஒன்றைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கி அவருக்கும் பகிருங்கள். தேர்வு, பெற்றோர் கூட்டம், ஊசி போடும் நாள், விடுமுறை எல்லாம் அதில் வரட்டும். குமரி மாவட்டத்துக்கு என்று ஒரு சிக்கல் உண்டு. ஓணத்துக்கும் டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் இங்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். அந்தச் சனிக்கிழமையை நம்பி அவர் லீவு போட்டு டிக்கெட் எடுத்துவிட்டால், "வேணும்னே பிள்ளைகளை அனுப்பல" என்று ஒரு சண்டை வரும். விடுமுறையைக் குறிக்கும்போதே அந்த ஈடு நாளையும் குறித்துவிடுங்கள். பள்ளி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து அவருடைய எண்ணையும் மின்னஞ்சலையும் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். மார்க் ஷீட் பள்ளியில் இருந்து அவருக்கு நேராகப் போகட்டும். மகளிடம் "எத்தன மார்க்கு" என்று அவர் துருவுவது பாதி குறையும்.

இனி அந்த இருப்பிடம் பார்க்கும் விவகாரம். போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழித்துத் திரும்பத் தொடங்கலாம் என்று தம்பி யோசனை சொல்லக்கூடும். செய்யாதீர்கள். அவளுடைய படங்களும் பாடக் குறிப்பும் போகும், போன் அவர் கண்காணிக்கும் கணக்கில் மாட்டியிருந்தால் திரும்ப உள்ளே நுழையவும் அவர் தயவு வேண்டியிருக்கும். எந்த வழியில் பார்க்கிறார் என்று முதலில் பாருங்கள். கூகுள் மேப்ஸில் அவள் படத்தைத் தொட்டால் 'இருப்பிடப் பகிர்வு' வரும், யாருக்குத் தெரிகிறது என்று அதில் இருக்கும். அங்கே இல்லை என்றால் பெரும்பாலும் ஃபேமிலி லிங்க், பெற்றோர் பிள்ளையின் போனைக் கண்காணிக்கக் கூகுள் தருகிற ஆப். அந்தக் குடும்பக் குழுவை அவர் தொடங்கியதால் மேலாளர் அவர். உங்களையும் அதில் 'பெற்றோர்' என்று சேர்க்க அவரால் முடியும். அதை மின்னஞ்சலில் கேளுங்கள். அவளுடைய வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தையும் ஒருமுறை அவளையே பார்க்கச் சொல்லுங்கள். தெரியாத கணினி ஏதும் இருந்தால் நீக்கிவிடலாம்.

அவர் செய்வது வேவுதானா என்றால், பாதிதான் என்று தோன்றுகிறது. மீதி, கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி ரூமில் உட்கார்ந்திருக்கிற தகப்பனின் பதற்றம். அந்தப் பாதிக்கு ஒரு வழி கொடுத்தால் மற்றப் பாதியை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு வாய் கிடைக்கும். நான் சொல்லும் ஏற்பாடு: எந்நேரமும் தெரியும் இருப்பிடம் அணைக்கப்படும். மகள் தனியாகப் பஸ்ஸில் போகும் நாளில் அவளே வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை 1 மணி நேரத்துக்கு இருவருக்கும் அனுப்புவாள். அதில் 15 நிமிஷம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவுதான் உண்டு, நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். அனுப்புவது அவள் கையில் இருப்பதால் பார்க்கப்படுகிறோம் என்ற எரிச்சல் குறையும். நீங்களும் இதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும், 'நான் அம்மா' என்று விலக்குக் கேட்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் கூப்பிடாதது பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் வேண்டுமென்று எதுவும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் எழுத்தும் படமும் போகும், குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் தடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே அனுமதி உள்ளது போட்டிம், கூகுள் மீட், ஸூம் போன்றவை. அவர் இதை விளக்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை, மகள் ஆப்பை அழித்தாள். கூகுள் மீட் என்றால் ஜிமெயில் இருந்தால் போதும், மகனுக்குத் தனியாக எந்தக் கணக்கும் வேண்டாம். காலண்டரில் நிகழ்ச்சி போட்டால் அழைப்புக்கான இணைப்பும் அதிலேயே வந்துவிடும். 9 வயதுக்கு வாட்ஸ்அப் தேவையும் இல்லை.

மகன் இரண்டு நிமிஷத்தில் ஓடுவதற்கு அப்பா மேல் பாசம் இல்லை என்று அர்த்தம் இல்லை. "சாப்பிட்டியா, படிச்சியா, சமத்தா இரு" என்பதற்கு ஆம், ஆம், சரி என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த வயதுப் பிள்ளை பேசுவதற்காக உட்கார மாட்டான், எதையாவது செய்துகொண்டு பேசுவான். ஆகவே அழைப்பில் ஒரு வேலை இருக்கட்டும். ஒரே கதைப் புத்தகம் அங்கே ஒன்று, இங்கே ஒன்று, நாளுக்கு இரண்டு பக்கம். அல்லது செஸ், அல்லது அவன் படம் வரைய அவர் என்னவென்று கண்டுபிடிப்பது. போனைக் கையில் கொடுக்காதீர்கள், முகம் பாதியும் மின்விசிறி பாதியுமாகத் தெரியும். ஒரு சம்படத்தில் சாய்த்து மேசையில் வையுங்கள். டிவி ஓடும் ஹாலில், தாத்தா பாட்டி கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் வேண்டாம், உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தால் போதும். அந்தப் பக்கம் அவரும் ஹெட்போன் போடட்டும், ரூம்மேட்டுகள் நடமாடும் இடத்தில் பிள்ளை வாய் திறக்காது.

நாளும் நேரமும் எழுதிக்கொள்ளுங்கள். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். செவ்வாய், வியாழன் இரவு 8 மணி என்றால் அங்கே மாலை 6.30, ஞாயிறு மாலை 6.30 என்றால் அங்கே 5. பத்து, பதினைந்து நிமிஷம் தாராளம். அவர் வரவில்லை என்றால் பதினைந்து நிமிஷம் காத்திருந்து, "அப்பாவுக்கு வேல முடியல போல, நாளைக்கு இதே நேரம்" என்று எழுப்பிவிடுங்கள். "பாத்தியா ஒனக்க அப்பன" என்ற வாக்கியம் உங்கள் வீட்டில் யார் வாயில் இருந்தும் வரக் கூடாது, உங்கள் அம்மா வாயில் இருந்தும். வாரம் ஒருமுறை அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: 'வெள்ளிக்கிழமை விழுந்து முழங்கால் உரசிக்கொண்டான், பெருக்கல் வாய்ப்பாட்டில் எட்டில் தடுமாறுகிறான்.' கேட்பதற்கு அவரிடம் ஏதாவது இருக்கும்.

பிரிந்த பெற்றோர் வேறு ஊரிலோ நாட்டிலோ இருந்தால் பிள்ளையோடு தொடர்புகொள்ளும் உரிமை முக்கியம், அதற்கு வீடியோ அழைப்பே சிறந்த வழி, தினமும் 5 முதல் 10 நிமிஷம் பேச விடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பு பிள்ளைக்கு இரண்டு பெற்றோரின் அன்பும் வேண்டும் என்கிறது, சந்திப்பின் முறையையும் விவரத்தையும் தெளிவாக எழுத வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்களுக்கும் சொல்கிறது. உங்கள் தீர்ப்பில் உள்ள 'நியாயமான நேரங்கள்' என்ற இரண்டு சொல் எவ்வளவு தொல்லை தந்திருக்கிறது பாருங்கள்.

மகள் வேறு. அவளை வீடியோவில் உட்கார வற்புறுத்தாதீர்கள். ஆனால் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தனியாகக் கேளுங்கள்: அப்பாவிடமோ அந்த வீட்டில் வேறு யாரிடமோ பயப்படும்படி ஏதாவது நடந்ததா என்று. ஆம் என்றால் இந்தப் பதிலில் உள்ள எதுவும் பொருந்தாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், அது தனிப் பாதை. இல்லை என்றால், அவளுடைய மௌனம் பெரும்பாலும் களைப்பு. யாரிடம் என்ன சொன்னாலும் அது மற்றவருக்கு எதிராகப் பயன்படுகிறது என்று கண்டுகொண்டாள், வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குக் கேள்வி இல்லாத செய்திகளை அவர் அனுப்பட்டும்: ரோட்டில் பார்த்த பூனை, இன்று சமைத்த மீன் கறி கரிந்துபோன படம். வாரம் இரண்டு போதும், பதில் எதிர்பார்க்கக் கூடாது. உங்களைப் பற்றிய கேள்வி எதுவும் அதில் வரக் கூடாது. இதை நீங்கள் அவருக்கு ஒரு வரியில் எழுதலாம், அவருடைய அக்கா சொன்னால் இன்னும் நன்றாக ஏறும். மாதக்கணக்கில் ஆகும். இடையில் தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, தோழிகளை விட்டு ஒதுங்குவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் அடையாளம் தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள்.

கருங்கல் பாட்டி விஷயத்தில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மார்த்தாண்டத்து அக்கா. பழைய நடுவாளின் இடத்துக்குத் தகுந்த ஆள் அவர். கேட்கும்போது வேலையின் அளவைச் சுருக்கிக் கேளுங்கள். "மைனி, மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை பிள்ளையள நீங்க வந்து கூட்டிட்டுப் போயி, சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திருப்பிக் கொண்டு விடணும். எங்க ரெண்டு பேருக்க கத உங்ககிட்ட நான் பேச மாட்டேன்." சமரசம் பேசச் சொன்னால் ஒரு மாதத்தில் அவரும் ஓடிவிடுவார். ஏற்றி இறக்கும் இடம் உங்கள் வீட்டு வாசல் வேண்டாம். உங்கள் அப்பா வாசலில் நின்றால் ஒரு வார்த்தை, அவர்கள் பக்கம் ஒரு வார்த்தை. பூசை முடிந்த பிறகு கோயில் முற்றம் நல்லது, நாலு பேர் பார்க்க யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள்.

முதல் இரண்டு தடவை மூன்று மணி நேரம் போதும். மரச்சீனியும் மீன் கறியும் சாப்பிட்டுவிட்டு வரட்டும். பாட்டி அழுவார், "ஒனக்க அம்ம எப்பிடி மக்கா இருக்கா" என்று கேட்பார், அது ஒற்று அல்ல, கேட்டுவிட்டுப் போகட்டும். திரும்பி வந்ததும் நீங்கள் "அங்க என்ன சொன்னாவ" என்று கேட்காதீர்கள். சாப்பாடு எப்படி, அந்த வீட்டு நாய் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு செட் உடுப்பும் பிரஷும் அங்கேயே இருக்கட்டும், பை தூக்கிக்கொண்டு விருந்தாளி போல் போக வேண்டாம். மகளுக்கு மாதவிலக்கு நாளுக்கு வேண்டியதை அக்காவிடம் முன்பே கொடுத்து வைத்துவிடுங்கள். இந்த ஒரு சங்கடத்துக்காகவே பாட்டி வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்கிற பெண்பிள்ளைகள் உண்டு, காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். பணம், கவர், நகைக் கணக்கு, வக்கீல் காகிதம் எதுவும் பிள்ளைகள் கையில் போகவும் வரவும் கூடாது. ஸ்டேட்டஸ் பார்த்து அழும் பாட்டிக்கு அதே ஸ்டேட்டஸை மறைக்க உங்களுக்குத் தோன்றியிருக்கும். மறைக்காதீர்கள்.

சிம் விஷயத்தில் அவசரப்பட்டால் மாட்டிக்கொள்வீர்கள். பலர் செய்யும் தவறு, கோபத்தில் பழைய சிம்மை முதலில் தூக்கிப் போடுவது. ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குப் போய், எதையும் மாற்ற முடியாமல் நிற்பார்கள். செயலிழந்த எண்ணை 90 நாள் கழித்துக் கம்பெனி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் வங்கிச் செய்தி யாரோ ஒருவருக்குப் போகும். உங்கள் பெயரில் புது சிம் வாங்குங்கள், பழையது உயிரோடு இருக்கட்டும். முதலில் வங்கி, கிளைக்கே நேரில் போய். அடுத்து உங்கள் ஆதார். பிறகு பிள்ளைகள் ஆதார். கைபேசி எண் மாற்ற ஆதார் மையத்துக்குப் போவதாக இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். மகனுக்கு 5 வயதில் செய்ய வேண்டிய கட்டாயக் கைரேகை, கருவிழிப் பதிவு விட்டுப்போயிருந்தால் அதையும் அன்றே முடியுங்கள், மகளுக்கு 15-இல் ஒன்று வரும். அடுத்து ஜிமெயிலின் மீட்பு எண், பள்ளிப் பதிவு, சமையல் எரிவாயு. கடைசியாக வாட்ஸ்அப்பில் 'எண்ணை மாற்று'. எல்லாம் மாறி, பழைய எண்ணுக்கு ஒரு மாதம் எந்தச் செய்தியும் வராவிட்டால் அவரிடம் ஒப்படைக்கலாம். மாற்றுவதற்குள் அவர் எண்ணை முடக்கிவிடுவார் என்ற பயம் இருந்தால் வங்கியை நாளைக்கே முடித்துவிடுங்கள்.

ரேஷன் அட்டையில் நீங்களும் பிள்ளைகளும் இன்னும் கருங்கல் அட்டையில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் பெயர் இரண்டு அட்டையில் இருக்க முடியாது, அங்கே நீக்கினால்தான் இங்கே ஏறும். ஆன்லைனில் நீக்க அந்த அட்டையில் பதிந்த கைபேசிக்கு ஓடிபி போகும், அது மாமியார் கையில் இருக்கும். அக்கா ஒருநாள் அங்கே இருக்கும்போது செய்தால் ஐந்து நிமிஷ வேலை. ஒத்துழைக்கவில்லை என்றால் தீர்ப்பு நகலோடு வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுங்கள்.

கூகுள் போட்டோஸில் குடும்ப ஆல்பம் இருந்தால், பகிர்ந்தவர் அழித்த அன்று எல்லோருக்கும் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். கல்யாணப் படம் உட்பட. உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம், பிள்ளைகளுக்கு ஒருநாள் கேட்கத் தோன்றும்.

தம்பி சொன்ன ரெக்கார்டிங். கணவன் மனைவிக்கு இடையே ரகசியமாகப் பதிந்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது உண்மைதான், தம்பி அதை எங்காவது பார்த்திருப்பார். உங்கள் வழக்கு முடிந்துவிட்டது. இப்போது ரெக்கார்டு பண்ணப்போவது யாரை? மகனிடம் அவர் பேசுவதை, மகள் போனில். பிள்ளையைப் பதிவுக் கருவியாக வைத்திருந்தீர்கள் என்பது நீதிபதி முன் வந்தால் அது உங்களுக்குத்தான் கெடுதல். மிரட்டல் மெசேஜ் வந்தால் அழிக்காமல் அப்படியே வையுங்கள், அது வேறு. தம்பியிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அவரோடு எந்த குரூப்பிலும் வாதாட வேண்டாம். அக்காவுக்காக வாதாடும் தம்பி போட்ட ஒரு வரிக்கு மூன்று மாத வேலை பாழாகும்.

புதுநன்மைக்கு அழையுங்கள். உங்கள் விருப்பத்தைத் தாண்டி ஒரு காரணமும் இருக்கிறது: பையனுக்கு ஞானஸ்நானம் அவர்கள் பங்குக் கோயிலில் நடந்திருந்தால் அந்தச் சான்று அங்கிருந்துதான் வர வேண்டும். கடைசி வாரம் அலையாமல் இப்போதே அக்காவிடம் சொல்லி வாங்குங்கள். பங்குத்தந்தையிடம் நிலைமையை முன்பே சொல்லிவிடுங்கள், அன்றைக்குப் பெற்றோர் இருவரும் சேர்ந்து பிள்ளையைப் பீடத்துக்கு அழைத்து வரவும் என்று மைக்கில் அறிவித்து உங்களைத் திகைக்க வைக்க மாட்டார். விவாகரத்து ஆன காரணத்துக்காகவே நீங்கள் நற்கருணை வாங்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அது தவறு. மறுமணம் செய்துகொள்ளாதவர்களுக்குத் திருச்சபையில் அப்படித் தடை இல்லை. மகனுடைய நாளில் நீங்கள் பின்வரிசையில் ஒளிய வேண்டாம்.

தேதி உறுதியானதும் அவருக்கு மடல் எழுதுங்கள், லீவும் டிக்கெட்டும் பார்க்க அவருக்கு இரண்டு மூன்று மாதம் வேண்டும். பூசைக்கு இரு வீட்டாரும் வரட்டும், ஒரே பக்கம் உட்கார வேண்டியதில்லை. விருந்தை மட்டும் ஒன்றாக வைக்காதீர்கள். ஒரே பந்தியில் பழைய கணக்கு எல்லாம் எழும், அதுவும் மாமன்மார் ஒரு கிளாஸ் போட்டிருந்தால். மதியம் உங்கள் வீட்டில், சாயங்காலம் கருங்கலில் பாட்டி வைக்கும் சாப்பாடு. வெள்ளை உடுப்பு யார் எடுப்பது, மெழுகுதிரி யார் வாங்குவது என்பதில் சண்டை வரும், ஒன்றை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். போட்டோக்காரரிடம் முன்பே சொல்லுங்கள்: பையன் அம்மாவோடு, பையன் அப்பாவோடு, பையன் பாட்டிகளோடு. நாலு பேரையும் நெருக்கி நிறுத்தி "சிரிங்க" என்று அவர் ஆரம்பித்தால் மகள் மண்டபத்தை விட்டு வெளியே போய்விடுவாள்.

இத்தனையையும் நாலைந்து மாதம் செய்து பாருங்கள். ஏதோ ஒன்று ஓடவில்லை, அவர் மின்னஞ்சலுக்குப் பதில் தரவே இல்லை என்றால், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, இரு தரப்பையும் அழைத்துப் பேசும் சமரசமும் அங்கே நடக்கும். தொலைபேசி 15100. பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்பது பற்றிய ஆணை எதுவும் கல்வெட்டு அல்ல, நிலைமை மாறினால் மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973-இலேயே ரோசி ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டது. 'நியாயமான நேரங்கள்' என்பதை எடுத்துவிட்டு நாள், மணி, ஆப், விடுமுறைப் பங்கீடு, பாட்டி வீட்டு ஞாயிறு எல்லாம் எழுதிய ஓர் ஒப்பந்தத்தைத் தயார் செய்து, அதை ஆணையில் சேர்க்கக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போடலாம். 13 வயதாகிவிட்டதால் மகளுடைய விருப்பத்தையும் நீதிபதி கேட்கக்கூடும். அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள். போகும்போது தீர்ப்பின் சான்றிட்ட நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளி அட்டவணை, இந்த மாதங்களில் நீங்கள் எழுதிய மின்னஞ்சல்களின் அச்சு, அவர் லீவில் வந்துபோன தேதிகள் எழுதிய ஒரு தாள், இவ்வளவும் கையில் இருக்கட்டும்.